படம் தயார், முன்மொழிவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு மாவட்டங்களில் ஓவியம் பார்க்க வருபவர்களும் இல்லை, காட்சிக்கு வைக்கத் தகுந்த ஓவியர்களும் இல்லை என்ற பொருள்பட அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். அதன் முற்பாதியைப் பற்றி வாதாட எனக்கு விருப்பமில்லை; பிற்பாதி உண்மையல்ல. ஈரோடு மாவட்டப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், கோவையில் ஒரு தனியார் காட்சிக்கூடத்தின் தேர்வுக் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன். இங்கே ஓவியர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுடைய படங்களைக் கூடத்தின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற நாலைந்து பக்கத் தாள்கள், அதாவது கண்காட்சி வைக்க இடம் கேட்டுக் கூடத்துக்கு அனுப்பும் முன்மொழிவுதான், சரியாக எழுதப்படுவதில்லை.

கோவையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் உள்ள குமிட்டிபதிக் குன்றின் பாறையில் பழங்காலத்தில் வெள்ளை நிறத்தில் யானை வரைந்தவர்கள் யாரிடமும் விண்ணப்பம் போட்டிருக்க மாட்டார்கள். இன்றைய ஓவியருக்கு அந்தச் சலுகை இல்லை. அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அங்கே போய்ப் படித்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கண்காட்சி என்றால் என்ன, அதற்கு எப்படிக் கேட்பது என்பதெல்லாம் சீனியர்களைப் பார்த்தே பழகிவிடும். போகாதவர்களே இங்கு அதிகம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் லோயரும் ஹையரும் முடித்துவிட்டு ஓவிய ஆசிரியரானவர்கள், கரூர் ஜவுளிக் கம்பெனிகளிலும் திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளிலும் டிசைன் போடுகிறவர்கள், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை வீட்டுக்குக் கொண்டுபோன போர்டு ஆர்ட்டிஸ்டுகள் என்று பல வகையினர் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களுக்காக மட்டும் வரைந்துகொண்டிருக்கிறார்கள். கையில் தேர்ச்சி இருக்கிறது. முன்மொழிவு என்று ஒன்றை எழுதச் சொன்னால் வேலைக்கு மனுப் போடுகிற தோரணையிலோ, கல்யாண வாழ்த்து மடல் தோரணையிலோ எழுதிக் கொடுக்கிறார்கள்.

தேர்வுக் குழு எப்படிப் படிக்கிறது என்பது தெரிந்தால் எழுதுவது எளிதாகும். முதலில் படங்களைப் பார்க்கிறோம். படத்தில் ஏதோ இருக்கிறது என்று தோன்றினால் ஓவியரின் குறிப்பைப் படிக்கிறோம். குறிப்பில் சந்தேகம் வந்தால் மறுபடி படத்துக்குப் போகிறோம். பயோடேட்டா கடைசியில்தான் வருகிறது. பயோடேட்டாவில் பத்து விருதுகள் இருந்தும் படங்களுக்குள் ஒரு தொடர்பும் இல்லையென்றால் அந்தக் கோப்பு மூடப்படும். விருதே இல்லாமல், ஒரே விஷயத்தை விடாமல் துரத்திய பன்னிரண்டு படங்கள் இருந்தால் அதைப் பற்றி மேஜையில் பேச்சு ஆரம்பமாகும். இந்தப் படங்கள் ஏன் ஒன்றாகத் தொங்க வேண்டும், அதுவும் ஏன் எங்கள் கூடத்தில் என்ற கேள்விக்குத்தான் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் விடை தேடுகிறார்கள்.

சோமனூர்ப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூலிக்கு நெசவு ஓட்டும் வீட்டுப் பிள்ளை. படங்கள் அசலாக இருந்தன; ஆங்கிலத்தில் எழுதியிருந்த குறிப்போ, "கலை என்பது இதயத்தின் மொழி, வண்ணங்கள் என் மூச்சு" என்று தொடங்கி மூன்று பக்கம் ஓடியது. அந்த மூன்று பக்கத்தில் தறி என்ற சொல்லே இல்லை. புகைப்படங்களையோ கைப்பேசியில் கட்டிலின் மேல் சாய்த்து வைத்து எடுத்திருந்தார். ஒரு படத்தின் ஓரத்தில் கட்டில் காலும், இன்னொன்றின் நடுவில் ஃபேன் இறக்கையின் நிழலும் விழுந்திருந்தன. "உங்கள் அப்பா வியாபாரிக்குச் சாம்பிள் அனுப்பும்போது என்னவெல்லாம் எழுதுவார்?" என்று கேட்டேன். நூல் கவுண்ட், ரீட், பிக், அகலம், எத்தனை மீட்டர், என்றைக்குக் கிடைக்கும் என்று வரிசையாகச் சொன்னார். துணி இதயத்தின் மொழி என்று எந்தத் தறிக்காரரும் எழுதி அனுப்புவதில்லை என்று சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து அவர் தமிழில் எழுதிவந்த குறிப்பு, அவருடைய அனுமதியுடன், ஏறக்குறைய இது: "சோமனூரில் விசைத்தறிக் கூடத்துக்கு அடுத்த அறையில் வளர்ந்தேன். இந்தப் பன்னிரண்டு படங்களும் இரவு ஷிப்ட்டைப் பற்றியவை. தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியை வெளுக்காமல், வெந்நீரில் அலசிக் கஞ்சியை மட்டும் போக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கரியாலும் அக்ரிலிக்காலும் வரைந்திருக்கிறேன். துணியில் இயல்பாக இருக்கும் வெளிர்மஞ்சள்தான் படத்தில் ட்யூப்லைட் வெளிச்சமாக நிற்கிறது. அதற்கென்று தனியாக வண்ணம் பூசவில்லை." இவ்வளவுதான். இதைப் படித்த பிறகு படத்தைத் திரும்பப் பார்க்காமல் யாரும் இருக்க முடியாது. அடியில் நான் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ப்ரைமர் என்ற அடிப்பூச்சு பூசாத துணியில் எண்ணெய் வண்ணம் பட்டால் நாளடைவில் துணி இற்றுப்போகும், அக்ரிலிக்குக்கு அந்த ஆபத்து இல்லை என்பது ஓவியருக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே பதில் தாளில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஓவியரின் குறிப்பு இருநூறு சொற்களைத் தாண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. என்ன வரைந்தேன், எதனால் வரைந்தேன், எந்தப் பொருளில் எந்த முறையில் வரைந்தேன் என்பவை இருந்தால் போதும். பிறர் தத்துவங்களைக் கடன் வாங்கி எழுதும்போதுதான் அது நீண்டுவிடுகிறது. பெரிய பெரிய மேற்கத்திய ஓவியர்களின் பெயர்களைக் குறிப்பில் அடுக்குகிறவர்களைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு சலிப்பு உண்டு. பவானி ஜமக்காளத்தின் பட்டை நிறங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தச் சான்றிதழ் எதற்கு என்று தோன்றும்.

புகைப்படத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஃப்ரேம் போடுவதற்கு முன், கண்ணாடி இல்லாத நிலையில், வெயில் நேரே படாத திண்ணையில் காலை வெளிச்சத்தில் படத்தை நிறுத்தி, கேமரா படத்தின் நடுமையத்துக்கு நேராகவும் அதற்கு இணையாகவும் இருக்கும்படி வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால், கைப்பேசியே போதும். சுவரும் தரையும் தெரியாமல் ஓரங்களை வெட்டிவிட வேண்டும். நிறத்தை எடுப்பாகக் காட்டுவதற்காக ஃபில்டர் போடக் கூடாது; நேரில் பார்க்கும்போது படம் மங்கலாகத் தெரிந்தால் ஓவியர் பேரில் இருக்கும் நம்பிக்கையும் சேர்ந்து மங்கும். கேட்லாக்கில் 8 அங்குல அகலத்தில் அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 2400 பிக்சல் வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால் டாக்குமென்டாகவோ மின்னஞ்சலிலோ அனுப்புவதே நல்லது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓவியரின் பெயரையும் படத்தின் பெயரையும் வைக்க வேண்டும். கைப்பேசி தானாகக் கொடுக்கும் எண்களோடு வந்த இருபது கோப்புகளில் எது எந்தப் படம் என்று யார் தேடிக்கொண்டிருப்பார்கள்? படப் பட்டியலில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, விலை ஆகியவை இருக்க வேண்டும். அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுவது வழக்கம். இதை மாற்றி எழுதினால் நெட்டுப் படம் கிடைப் படமாகி, சுவர்த் திட்டமே குளறுபடியாகும்.

சுவர்த் திட்டம் என்றேன்; எந்தப் படம் சுவரில் எங்கே தொங்கும் என்று அளவுப்படி வரைவது. நம் ஓவியர்கள் முற்றிலும் கைவிடுகிற பகுதி அதுதான், அதனால் அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. விண்ணப்பிக்கும் முன் அந்தக் கூடத்துக்கு ஒருமுறை நேரில் போய், வேறு யாருடைய கண்காட்சியாவது நடக்கும்போது, சுவரை அளந்து பார்க்க வேண்டும். கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு, ஏசி எல்லாம் போக நீளவாக்கில் எத்தனை அடி மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். 60 அடி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை அடி அகலமுள்ள 18 படங்களை மாட்டினால் படங்களே 45 அடியை எடுத்துக்கொள்ளும். மீதி 15 அடியை 19 இடைவெளிகளாகப் பிரித்தால் படத்துக்குப் படம் முக்கால் அடிக்குச் சற்று மேல்தான் இருக்கும். பஸ்ஸில் நெரிசலாக நிற்பதுபோல் படங்கள் ஒன்றையொன்று இடிக்கும். அதே அளவில் 12 படங்கள் என்றால் 30 அடி; மீதி 30 அடியில் 13 இடைவெளிகள், ஒவ்வொன்றும் இரண்டேகால் அடிக்கு மேல். பார்க்கிறவர் ஒரு படத்தின் முன் நிற்கும்போது அடுத்தது கண்ணில் குத்தாது. படத்தின் நடுமையம் தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே வருமாறு மாட்டுவது பொதுவான பழக்கம். இதையெல்லாம் ஒரு கோட்டுத்தாளில் அளவுப்படி வரைந்து இணைத்தால், அந்த ஓவியர் தம் படங்களை அந்தக் கூடத்துக்குள் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பது குழுவுக்குத் தெரிந்துவிடும். "இதுக்கெல்லாமா கணக்குப் போடணுங்க சார்?" என்று சோமனூர்த் தம்பி கேட்டார். போட்ட பிறகு அவரே ஆறு படங்களைத் திரும்ப எடுத்து வைத்தார். பதினெட்டாக இருந்தது பன்னிரண்டானது அப்படித்தான்.

விளக்குக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். காகிதத்தில் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் வெளிச்சத்தில் வெளிறும். அருங்காட்சியகங்கள் அவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலும் எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் அளவிலும் வெளிச்சத்தை நிறுத்துகின்றன. தனியார் கூடத்தில் அவ்வளவு கறாராக இருக்க முடியாது என்றாலும், ஜன்னலோரச் சுவர் வேண்டாம் என்று கேட்கும் உரிமை ஓவியருக்கு உண்டு.

எல்லாக் கூடங்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. கோவை அவிநாசி சாலையிலுள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம், சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையம், சோழமண்டலம் ஓவியர் கிராமம், வியாபார நோக்கில் நடக்கும் தனியார் கேலரி என ஒவ்வொன்றுக்கும் நோக்கமும் நடைமுறையும் வேறு. வாடகைக்கு விடும் கூடத்துக்குத் தேதி, கட்டணம், படங்களின் தரம் ஆகியவை தெரிந்தால் போதும். விற்பனையில் பங்கு எடுத்துக்கொள்ளும் கேலரிக்கு, இந்த ஓவியர் அடுத்த ஐந்து ஆண்டுகளும் வரைந்துகொண்டிருப்பாரா என்பதுதான் கவலை. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சி போன்ற இடங்களில், கண்காட்சியை வடிவமைக்கும் க்யூரேட்டர்தான் ஓவியர்களைத் தேர்ந்தெடுக்கிறார். அங்கே கோப்பை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைவிட, பாலக்காடு தாண்டிப் போகும் ரயிலைப் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு வருவது பயனுள்ளது. ஒரே கோப்பைப் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்புகிறவர்கள், சில சமயம் பெயரைக்கூட மாற்ற மறந்துவிடுகிறார்கள். ஒரு சென்னை கேலரியின் பெயருக்கு எழுதிய முகப்புக் கடிதம் எங்கள் குழுவின் மேஜைக்கு வந்தது. நல்ல படங்கள், ஆனாலும் அறையில் இருந்தவர்களின் முகம் மாறிப்போயிற்று.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு நம் பக்கத்தில் வியாபாரிகள் கூச்சப்படுவதில்லை; ஓவியர்கள் மட்டும் கூச்சப்படுகிறார்கள். விற்ற படத்தில் கேலரிகள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை எடுத்துக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. அது நியாயமா என்பது வேறு விவாதம். பட்டியலில் எழுதும் விலை அந்தப் பங்கையும் சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்பது முன்மொழிவிலேயே தெளிவாக இருக்க வேண்டும். ஃப்ரேம், வண்டி வாடகை, அழைப்பிதழ், திறப்பு நாள் டீ செலவு, படம் சேதமானால் யார் பொறுப்பு, விற்காத படங்களை எத்தனை நாளில் திருப்பித் தருவது ஆகியவற்றையும் அதிலேயே கேட்டுவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவரின் படங்கள், கண்காட்சி முடிந்த பிறகும் ஒரு கூடத்தின் மாடிப்படிக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்தன. போய் எடுத்தபோது இரண்டில் ஈரம் ஏறியிருந்தது. இழப்பீடு கேட்க அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

காப்புரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் தாமாக வரைந்த படத்தை விலைக்கு வாங்கியவருக்குப் படம் சொந்தமாகும். அதைக் காலண்டரிலோ சட்டையிலோ அச்சிடும் உரிமை அதனால் மட்டும் போய்ச் சேராது. அந்த உரிமையை எழுத்தில்தான் மாற்றித் தர முடியும். அப்படி எழுதும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை வரையச் சொன்னவரிடமே இருக்கும். திருப்பூரில் டிசைன்கள் எவ்வளவு வேகமாகத் துணியில் ஏறும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழைப்பிதழுக்கும் கேட்லாக்குக்கும் செய்திக்கும் மட்டும் படத்தை வெளியிட அனுமதி என்று முன்மொழிவில் ஒரு வரி எழுதிவிட்டால் பின்னால் சண்டை இருக்காது.

இதுவரை ஓவியர்களுக்குச் சொன்னேன். கூடம் நடத்துகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. விண்ணப்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர்கள் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. கேட்டால், "அனுப்புங்க, பார்க்கலாம்" என்கிறார்கள். சுவரின் நீளம் எவ்வளவு, மாட்டுவதற்கு ஆணியா கம்பியா, விற்பனையில் பங்கு எவ்வளவு, எத்தனை படங்களின் புகைப்படம் வேண்டும், கடைசித் தேதி எது, முடிவை எப்போது சொல்வார்கள் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வாசலில் ஒட்டினால், குழுவில் உட்கார்ந்து படிக்கிறவர்களின் பாதிச் சலிப்பு தீர்ந்துவிடும். தமிழில் எழுதப்பட்ட முன்மொழிவையும் ஏற்போம் என்று அதில் ஒரு வரி சேர்க்கலாம். இரவு ஷிப்ட்டைப் பற்றித் தமிழில் அவ்வளவு துல்லியமாக எழுதிய பையன், ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றவுடன்தான் இதயத்தின் மொழிக்குப் போனார். நிராகரிக்கும்போது இரண்டு வரியில் காரணம் சொல்வதும் அப்படியொன்றும் பெரிய வேலை அல்ல. படங்கள் நன்று, எங்கள் சுவருக்குப் பெரிது என்று சொன்னாலே அடுத்த ஆண்டு அவர் வேறு படங்களோடு வருவார்.

கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை விருதுகள் வழங்கிக் கலைஞர்களைப் பாராட்டுகிறது. விருது விழாவன்று காலையில், அதே மண்டபத்தில், முன்மொழிவு எழுதுவது பற்றி ஒரு மணி நேர வகுப்பை வைத்துவிடலாம். இதற்காகத் தனியாக நிதி கேட்க வேண்டியதில்லை. கோவை உக்கடம் குடியிருப்புச் சுவர்களில் மாடி உயரத்துக்கு வரைந்த ஓவியங்களைப் போகிற வருகிறவர்களெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறார்கள். சுவர் ஓவியத்துக்கும் யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து திட்டம் எழுதி, அளவு போட்டு, செலவு காட்டி, அனுமதி வாங்கியிருக்கிறார் என்பதை அந்த வகுப்புக்கு வரும் ஓவியர்களுக்குக் காட்டலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் கோவை, ஈரோடு, சேலம் பதிப்புகளில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்ற பகுதியில் கண்காட்சி திறக்கும் செய்தி வருகிறது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி வருவதில்லை. கூடங்கள் பலவும் ஆறு மாதம், ஓராண்டு முன்னதாகவே தேதிகளை ஒதுக்கிவிடுகின்றன. மார்கழி, தை மாதங்களில் கண்காட்சி வைக்க வேண்டுமென்றால் ஆனி மாதம் பிறப்பதற்குள்ளாவது கோப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூடங்களிடமிருந்து இந்தத் தேதிகளைக் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறை நான்கு வரி வெளியிட்டால், புளியம்பட்டியிலும் தாராபுரத்திலும் இருக்கிற ஓவியர்கள் அன்று மாலையே படங்களை எடுத்துத் திண்ணையில் நிறுத்துவார்கள். தேதிகளைத் திரட்டித் தருவதற்கு நானும் என்னுடன் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.